யூனியன் போர்டும் மிட்னாப்பூர் மக்களும்

கிராம சுயாட்சி என்னும் பெயரைக் கேட்டால் மகிழாதார் யார்? ஆனால், அப்பெயரைத் தாங்கி வந்த ஓர் அமைப்பை ஒரு ஜில்லாவின் மக்கள் திரண்டெழுந்து மறுத்த வரலாறும் நம் நாட்டில் உண்டு. வங்கத்தின் யூனியன் போர்டுகளைப் பற்றியது அவ்வரலாறு.

வங்கத்துக் கிராமங்களில் ஊர்க்காவல் புரிந்தோர் சௌக்கிதார்கள். இவர்களுடைய சம்பளத்திற்கென 1870-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்தார் மீது ஒரு வரியை விதித்தது. வரி தண்டியவர்கள் பஞ்சாயத்தார் எனப்பட்டனர். எனினும் அவர்களை நியமித்தவர் ஜில்லா அதிகாரியே. பின்னர் 1919-இல் வங்கக் கிராம சுயாட்சிச் சட்டம் பிறந்தது. பல கிராமங்கள் சேர்ந்தது ஒரு யூனியன். அதை ஆள ஒரு போர்டு. அங்கத்தினர் ஆறு பேர் முதல் ஒன்பது பேர் வரை. அவர்களுள் பெரும்பாலோர் வாக்காளரால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எஞ்சியோர் நியமனம் பெற்றனர். பாதை, குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றைப் பேணுவது போர்டின் பொறுப்பாயிற்று. சௌக்கிதாரின் சம்பளமும் அதன் வரியிலிருந்தே கொடுபட வேண்டும். ஆதலின், சுயாட்சி என்பது வரி உயர்வுக்கு மற்றொரு பெயரோ என்னும் ஐயம் குடியானவர் உள்ளத்தில் எழுந்தது.

மிட்னாப்பூர் ஜில்லாவில் 227 போர்டுகள் நிறுவப்பட்டன. அவற்றை எதிர்த்து 1921-இல் கிளர்ச்சியை நடத்தியவர், கான்டாய்ப் பகுதியைச் சேர்ந்த பாரிஸ்டர் பீரேந்திரநாத் சாஸ்மல். போர்டுகள் ஒழியும் வரை காலில் செருப்பணிவதில்லை என அவர் சூளுரைத்தார். மக்கள் வரி கொடுக்க மறுத்தனர். அதிகாரிகள் பண்டபாத்திரங்களை ஜப்தி செய்தனர். அவற்றை ஏலத்தில் எடுப்பாரில்லை. இறுதியில், 1921 டிசம்பர் 17-ஆம் நாள் 226 போர்டுகளை அரசாங்கம் விலக்கிக்கொண்டது. எஞ்சிய ஒன்றும் மறு ஆண்டில் மறைந்தது.

அப்படியாயின், அம்மக்கள் தம்மைத் தாமே ஆள விரும்பவில்லையோ? இதற்கு விடை அதே ஜில்லாவிலேயே கிடைக்கிறது. 1942 அக்டோபரில் பெரும்புயல் அக்கடற்கரையைப் பாழாக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள், தாம்லுக் மக்கள் தாமிரலிப்த தேசீய சர்க்காரை நிறுவினர். புயலால் நொந்தவர்க்கு அது உதவியது, வழக்குகளைத் தீர்த்தது, 1944 வரை நீடித்தது. சுயாட்சியை அவர்கள் வெறுக்கவில்லை. மேலிருந்து இறக்கப்பட்ட சுமையையே வெறுத்தனர் என்பது தெளிவு.

விடுதலைக்குப் பின், மேற்கு வங்கத்தில் 1957-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் யூனியன் போர்டுகளுக்கு மாற்றாக வந்தது. வங்காளதேசத்திலோ யூனியன் என்னும் பெயர் இன்றும் ஊராட்சியில் வழங்குகிறது. பெயர் எதுவாயினும் ஆகுக. வரியை விதிப்பவர் யார், அது எவருக்குப் பயன்படுகிறது என்னும் இரு கேள்விகளைக் குடியானவன் கேட்கவும், அவற்றிற்கு விடை பெறவும் இயலுமிடத்திலேதான் கிராம சுயாட்சி வேரூன்றும். மிட்னாப்பூர் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.