பெயர் சொல்லாத செய்திகளும் மின்சாரக் கைரேகையும்

காருக்குள் இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று எனப் பல குட்டிக் கணினிகள் இருக்கின்றன. ஒன்று பேசும்போது, பேசுவது யார் என்று மற்றவற்றுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதுதான் பதில்!

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் வேலையைத் தொடங்கி, 1986-ல் டெட்ராய்டில் அறிமுகப்படுத்திய 'கேன்' வலையமைப்பின் ஏற்பாடு அப்படி. எல்லாக் கணினிகளும் இரண்டே கம்பிகளில் பேசும். செய்தி எதைப் பற்றியது, எவ்வளவு அவசரம் என்பதைச் சொல்ல ஓர் எண் உண்டு. அனுப்பியவர் பெயருக்கு இடமே இல்லை. கையெழுத்தில்லாத துண்டுச்சீட்டு மாதிரி. அன்று அது தப்பாகத் தெரியவில்லை. பூட்டிய காருக்குள் இருக்கும் கம்பியை யார் தொடப்போகிறார்கள்?

தொட்டார்கள். 2010-ல் வாஷிங்டன், சான் டியாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போலிச் செய்திகளாலேயே ஓடும் காரின் பிரேக்கைச் செயலிழக்க வைத்துக் காட்டினார்கள். 2015-ல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஒரு ஜீப்பை இணையம் வழியாகவே ஆட்டிவைத்தார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

செய்திக்கு ரகசியக் கையொப்பம் சேர்க்கலாமே என்பீர்கள். பழைய கேனில் ஒரு செய்திக்கு 8 பைட்டுதான், எங்கே சேர்ப்பது? அதனால் வேறு வழி பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் மோர்ஸ் தந்தியை ஒட்டுக்கேட்டவர்கள், தட்டும் விதத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள். அதே தந்திரம்தான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கியோங்-டாக் சோ, காங் ஷின் இருவரும் 2016-ல் கடிகாரத்தைப் பிடித்தார்கள். எந்த இரண்டு குவார்ட்ஸ் படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. எனவே, சீரான இடைவெளியில் வரும் செய்திகளில் சேரும் நுண்ணிய பிசகு அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்கும். 2017-ல் அவர்களே மின்னழுத்தத்துக்குப் போனார்கள். ஒரு கம்பியில் 3.5 வோல்ட் வரவேண்டும் என்றால், ஒவ்வொரு சில்லும் கொஞ்சம் கூடவோ குறையவோதான் கொடுக்கும். 2018-ல் அலைவடிவத்தையே அலசும் 'சிஷன்' வந்தது. செய்தவர்கள் பாஷ்காரர்கள்! பெயருக்கு இடம் வைக்காத அதே நிறுவனம், 32 வருடம் கழித்துப் பெயரைத் தேடுகிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் அதே 2018-ல், செய்தி அனுப்பும் நேரத்தை மென்பொருளால் நகர்த்தி, கடிகாரக் கைரேகையைப் போலி செய்யலாம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் காட்டிவிட்டார்கள். மின்னழுத்தமும் தப்பவில்லை. வெப்பமும் பேட்டரியும் மாறும்போது அந்தக் கைரேகையும் மாறுவதால், காவல் அமைப்பு அதை அவ்வப்போது புதிதாகக் கற்கவேண்டும். இரண்டு கணினிகளைக் கைப்பற்றிய ஒருவன் அந்தக் கற்கும் நேரத்திலேயே அதற்குத் தவறாகப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியும் என்று 2021-ல் நிரூபித்தார்கள்.