நெஞ்சழுத்தமும் விலா எலும்பு முறிவும்

இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும்போது மார்பெலும்பும் விலா எலும்புகளும் முறிவது அடிக்கடி நேர்வது; அரிதாக நுரையீரலோ கல்லீரலோ கிழியும். முதியவர்களுக்கு இந்த அபாயம் அதிகம்.

1960க்கு முன் அமெரிக்க மருத்துவமனைகளில் நெஞ்சைக் கீறித் திறந்து இதயத்தைக் கையால் பிசைவதே வழக்கம். அவ்வாண்டு பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் ஜூடும், பொறியாளர்கள் நிக்கர்பாக்கர், கூவன்ஹோவன் இருவரும், கத்தியில்லாமல் வெளியிலிருந்தே அழுத்தும் முறையை வெளியிட்டனர். பெரிய காயம் தவிர்ந்தது, எலும்பு முறிவு தவிரவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மகன், கழிப்பறை அடைப்பு நீக்கும் ரப்பர் கருவியைத் தந்தையின் நெஞ்சில் வைத்து அழுத்தி இழுத்தே அவரைப் பிழைக்க வைத்தார். 1990இல் மருத்துவ இதழில் வெளியான இச்செய்தியிலிருந்து, நெஞ்சை அழுத்துவதோடு மேலே இழுக்கவும் செய்யும் கைக்கருவி பிறந்தது. அதில் மார்பெலும்பு முறிவு கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டின.

டெக்சாஸின் டாலஸைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க இதயச் சங்கம், 2010இல் பெரியவர்களுக்கு அழுத்தம் குறைந்தது 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும் என்றது. அதற்கு மேலும் ஆழ்ந்தால் காயம் கூடுவதால், 2015இல் 6 செ.மீ. என்ற மேல்வரம்பையும் சேர்த்தது.

காயத்துக்காக வழக்கு வருமோ என்ற தயக்கத்தைப் போக்க, நல்லெண்ணத்துடன் உதவுவோரைக் காக்கும் சட்டத்தை 1959இல் கலிபோர்னியா முதலில் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. முறிந்த விலா ஆறிவிடும். ரத்தம் கிடைக்காத மூளையோ சில நிமிடங்களில் அழியத் தொடங்கும். அதனால்தான் எலும்பு முறிந்தாலும் அழுத்துவதை நிறுத்தக்கூடாது என்று பயிற்சியில் கற்பிக்கிறார்கள்.