துணி அளந்த கஜமும் உலகளந்த கணக்கும்



நீட்டலளவையில் "ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாற்றுக" என்னும் கணக்குகளை நம் மாணவர்கள் வெறும் பெருக்கலாகவே செய்து முடிக்கின்றனர். தசமப் புள்ளிக்குப் பின்னே நெடுந்தொலைவில் நிற்கும் சிற்றெண்களை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றும் சிலர் கேட்பதுண்டு. அதற்குரிய விடை நம் நாட்டு நில அளவை வரலாற்றிலேயே இருக்கிறது. அது துணிக்கடையில் தொடங்கிப் பூமியின் மையம் வரை செல்லும் வரலாறு.

கையே அளவுகோல்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய காலந்தொட்டு, சோழமண்டலக் கரையின் துணிகள் இத்தீவுக்கு வந்திறங்கின. அவற்றைக் கொணர்ந்த தமிழ் வணிகரின் அளவுகளும் வாங்கிய மலாய்க்காரரின் அளவுகளும் உடலுறுப்புகளிலிருந்து பிறந்தவை. ஆகவே அவை எளிதில் பொருந்தின.

2 சாண் = 1 முழம் (மலாயில் 2 ஜெங்கால் = 1 ஹஸ்தா)
2 முழம் = 1 கஜம் (மலாயில் 2 ஹஸ்தா = 1 எலா)

ஆளுக்கு ஆள் முழம் மாறும். ஊருக்கு ஊர் கஜமும் மாறியது. ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்களுடைய 36 அங்குல யார்டே கஜமாகவும் எலாவாகவும் நிலைபெற்றது. அதன் மூன்றில் ஒரு பங்கு ஓர் அடி. இந்த அடியே பின்னர் உலகை அளக்கப் புறப்பட்டது.

பரங்கிமலையில் தொடங்கிய பணி

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன், சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடி நீள எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானியையும் உடன் வைத்துக் கணக்கைத் திருத்தினார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த அளவைப் பணியை அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். பூமி முழு உருண்டையன்று, துருவங்களில் சற்றே தட்டையானது. அவ்வடிவத்தை எவரெஸ்ட் 1830இல் கணக்கிட்டு, நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் 20,922,931.8 அடி என்றார். கஜத்தில் சொன்னால் ஏறத்தாழ 69 இலட்சத்து 74 ஆயிரம் கஜம்.

இந்தியாவைப் போலவே மலாயாவும் எவரெஸ்டின் இக்கணக்கைத் தன் வரைபடங்களுக்கு அடிப்படையாகக் கொண்டது.

ஓர் எண், இரண்டு விடைகள்

பிரெஞ்சு நாட்டில் 1790களில் உருவான மீட்டரின் பிறப்பு வேறு. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என அவர்கள் வகுத்தனர். கஜம் மனிதனின் கையிலிருந்து பிறந்தது. மீட்டரோ பூமியிலிருந்து பிறந்தது. இவ்விரண்டையும் இணைக்க வேண்டிய நாள் வந்தபோது, எவரெஸ்டின் அடி எத்தனை மீட்டர் என்ற கேள்வி எழுந்தது.

இந்தியக் கணக்கில் 1 அடி = 0.30479841 மீட்டர், ஆரம் 6,377,276 மீட்டர்.
மலாயாக் கணக்கில் 1 அடி = 0.30479973 மீட்டர், ஆரம் 6,377,304 மீட்டர்.

பூமியும் ஒன்று, எவரெஸ்டின் எண்ணும் ஒன்று. ஆயினும் விடைகள் 28 மீட்டர் வேறுபடுகின்றன. ஒரு கஜத்தில் இவ்வேறுபாடு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கு பங்கே. ஒற்றைப் பஞ்சிழையின் தடிமனில் அது மூன்றில் ஒரு பங்குகூட இராது. எந்தத் துணி வணிகரும் இதனால் நட்டப்பட மாட்டார். ஆனால் அதையே ஏறத்தாழ எழுபது இலட்சம் முறை அடுக்கினால், ஏழெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம் அளவுக்கு வந்துவிடுகிறது.

ஒரு நாடு தன் அளவை மட்டும் மாறாமல் பின்பற்றும்வரை இதனால் தீங்கில்லை. இரண்டையும் அறியாமல் கலந்தால், ஒரே இடம் இரு வரைபடங்களில் இரு புள்ளிகளாக நிற்கும். 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சில ஒன்றுகூடி, ஒரு யார்டு சரியாக 0.9144 மீட்டர் என முடிவு செய்தன. மலேசியாவும் 2003இல் செயற்கைக்கோள் அளவைக்கு ஏற்ற புதிய கட்டமைப்புக்கு மாறியது. அதில் ஆரம் 6,378,137 மீட்டர். ஆயினும் பழைய வரைபடங்களையும் நில ஆவணங்களையும் புதியவற்றோடு இணைப்போர் எவரெஸ்டின் அடியை இன்றும் அறிந்திருக்க வேண்டும்.

வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

இவ்வரலாற்றை மாணவர் கைப்படச் செய்து உணரலாம். ஆறு கஜச் சேலை 5.4864 மீட்டர். நிலநடுக்கோட்டின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். பூமியை ஒருமுறை சுற்ற எத்தனை சேலைகள் வேண்டும்? ஏறத்தாழ 7.3 மில்லியன், அதாவது 73 இலட்சம். இதே கணக்கைச் சேலையின் நீளம் 5.5 மீட்டர் என முழுமையாக்கிச் செய்யச் சொல்லுங்கள். சுமார் 18,000 சேலைகள் குறைந்துவிடும்! முழுமையாக்கலை இறுதியில்தான் செய்ய வேண்டும் என்று நாம் நூறுமுறை சொல்வதைக் காட்டிலும் இவ்வொரு கணக்கு நன்றாக உணர்த்தும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள சேலையைப் பாட்டியின் கையால் ஒருமுறையும் பிள்ளையின் கையால் ஒருமுறையும் முழம் போட்டு அளக்கச் செய்யுங்கள். பிறகு மீட்டர் நாடாவால் அளந்து மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பொது அளவுகோல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். சாண், முழம், கஜம் என்னும் சொற்களும் அகராதியில் உறங்காமல் பிள்ளைகளின் நாவில் வாழும்.