திருவாமூர்த் திலகவதியார்

ஏழாம் நூற்றாண்டில், இன்றைய பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் வாழ்ந்தவர் திலகவதியார். இவர் கதையை விரிவாகச் சொல்வது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். தந்தை புகழனார் நோயால் இறக்க, தாய் மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மடிந்த செய்தியும் வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்த அந்த இளம்பெண்ணின் கால்களில் விழுந்து அழுதான் தம்பி மருள்நீக்கி. அவனுக்காகவே அவர் வாழ்ந்தார், மணம் செய்துகொள்ளவில்லை.

வளர்ந்த தம்பி சமணத்தில் சேர்ந்தது அக்காவுக்குப் பெருந்துயர். அவர் திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, சாணம் மெழுகி, பூமாலை தொடுத்துத் தொண்டு செய்தார். சூலை நோயால் துடித்த தம்பி சமையற்காரனை அனுப்பி அழைத்தும் சமண மடத்துக்குள் கால்வைக்க அக்கா மறுத்துவிட்டார். சேக்கிழார் காட்டும் இந்தக் கண்டிப்பு, வெறும் பாசத்தைவிடச் சுவையானது. இரவோடிரவாக அக்காவைத் தேடி வந்து திருநீறு பெற்ற அந்தத் தம்பியே பின்னாளில் திருநாவுக்கரசர்.