உறிஞ்சுமுறைக் கருப்பை வாய்ப் பிடிப்பான்

காப்பர் டி போன்ற கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தும்போது கருப்பை வாய் அசையாதிருக்க வேண்டும். அதற்கு, பிரெஞ்சு அறுவை மருத்துவர் சாமுவேல் போசியின் பெயரால் அறியப்படும் கூர்முனை இடுக்கி 19ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்பட்டு வருகிறது. அது திசுவைக் குத்திப் பிடிப்பதால் வலியும் ரத்தக்கசிவும் உண்டாகும். மாற்றுக்கருவி இவ்வளவு தாமதமானது வருந்தத்தக்கது.

சுவிட்சர்லாந்தின் ஆஸ்பிவிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய கேர்விக்ஸ் என்ற மாற்றுக்கருவி குத்துவதில்லை. அதன் அரைவட்ட முனை, மென்மையான வெற்றிட உறிஞ்சலால் கருப்பை வாயைப் பற்றிக்கொள்கிறது.

இக்கருவியை வைத்து 100 பெண்களிடம் நடந்த சமவாய்ப்புச் சோதனையின் முடிவு 2023இல் ‘கான்ட்ராசெப்ஷன்’ ஆய்விதழில் வெளியானது. இடுக்கியைவிட வலியும் ரத்தக்கசிவும் குறைந்திருந்தன. குழந்தை பெறாதவர்களிடம் பலன் கூடுதல்.

2024இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கருத்தடைச் சாதனம் பொருத்தும்போது ஏற்படும் வலி குறித்தும் அதைத் தணிக்கும் வழிகள் குறித்தும் பெண்களிடம் முன்கூட்டியே பேசும்படி மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது.