மீன் சாப்பிட்டுச்சா?

திண்டுக்கல்லில் 'உப்புத் தண்ணி' என்று சொன்னால் யாருக்கும் கடல் ஞாபகம் வராது. போர்வெல்தான் ஞாபகம் வரும். இது தோல் பதனிடும் ஊர். டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு பல பத்தாண்டுகளாகக் கழிவுநீரோடு நிலத்துக்குள் இறங்கி, தோல் ஷாப்புகளைச் சுற்றியிருந்த கிணறுகளைக் கெடுத்தது. நல்ல தண்ணி ஒரு குடம், உப்புத் தண்ணி ஒரு குடம் என்று தனித்தனியாகப் பிடித்து வைத்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

அப்படிப்பட்ட ஊரில் நான் ஒரு கடல் செய்தேன். ஆர்.ஓ. தண்ணீர் கேன்களை வாங்கி, கடைக்காரர் கொடுத்த கடல் உப்பை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்தேன். அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "உப்ப எடுத்த தண்ணியக் காசு குடுத்து வாங்குறான். அப்பறம் அதுலயே காசு குடுத்து உப்பப் போடுறான். படிச்ச புள்ள!"

முதலில் வந்தது ஒரு வண்ணத்துப்பூச்சி மீன். நீண்ட மூக்கு, உடம்பில் செம்பு நிறப் பட்டைகள். வந்த நாளிலிருந்து அது எதையுமே தின்னவில்லை. போட்ட பெல்லட் அதன் மூக்கை உரசிக்கொண்டே கீழே இறங்கும். அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஒன்பதாம் நாள் காலையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பட்டினியால் செத்த ஒரு உயிரை நான் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் தீனி இருந்தது.

இரண்டாவதாக ஒரு கோமாளி மீன் வந்தது. 'நீமோ' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதுவும் முதல் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். "மீன் சாப்பிட்டுச்சா?" வேலைக்குக் கிளம்பும்போது கேட்டார்கள், திரும்பி வரும்போதும் கேட்டார்கள். அந்த ராத்திரிகளில்தான் இந்தக் கேள்வி எவ்வளவு பழசு என்று தேட ஆரம்பித்தேன்.

*

கடலைக் கண்ணாடிக்குள் வைத்த கதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்குகிறது. 1846 வாக்கில் லண்டனில் ஆனா தின் என்ற பெண்மணி பவள உயிரிகளை வீட்டில் வளர்த்தார். பம்ப் கிடையாது. வேலைக்காரப் பெண் ஒருத்தி தினமும் அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றிக் காற்றேற்றினாள். உலகின் முதல் ஏர் பம்ப் என்று நான் அவளைத்தான் சொல்வேன். அவள் பெயர் வரலாற்றில் இல்லை.

1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் திறந்தது. அதற்கு உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் ஃபிலிப் ஹென்றி காஸ். 'அக்குவேரியம்' என்ற சொல்லை வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். 1854இல் நாலு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் வெளியிட்டார். கடலே இல்லாத ஊர்க்காரனும் கடல் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது ஒரு தொடக்கம். அந்த வகையில் என் தொட்டிக்கும் அவர் ஒரு பாட்டன்.

காஸ் எழுதியதைப் படித்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் வாளியோடு கடற்கரைக்கு ஓடினார்கள். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய நினைவுக் குறிப்பில், அப்பாவின் புத்தகங்களால் இங்கிலாந்தின் பாறைக் குளங்களே சூறையாடப்பட்டன என்று வருந்தியிருக்கிறார். வீட்டுக்கு எடுத்துப்போன உயிர்களில் எத்தனை அடுத்த மாதத்தைப் பார்த்திருக்கும் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

நம் ஊருக்கு இது வந்த ஆண்டு 1909. சென்னை மெரினா கடற்கரையில் இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். ராமேஸ்வரத்தையும் மன்னார் வளைகுடாவையும் நன்றாக அறிந்தவர். முத்து, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றி 1890இலேயே எழுதியவர். ஆனால் தமிழர்களுக்கு இவரை வேறொரு காரணத்துக்காகத்தான் தெரியும். தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து வகை பிரித்த மனிதர் அவர்.

அந்த ஏழு தொகுதிகள் வெளிவந்த ஆண்டும் 1909தான்.

இதை முதலில் கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் உழைப்பில், மீன்கள் கண்ணாடிக்குள்ளும் மனிதர்கள் பெயர்ச்சீட்டுக்குள்ளும் போனார்கள். உயிரை அடைத்து, பெயர் எழுதி ஒட்டுவது எளிது. அடைத்த உயிர் சாப்பிடுமா என்பதுதான் கஷ்டமான கேள்வி.

*

ஏன் சாப்பிடுவதில்லை? இதற்கு முதல் விடை பாக்கெட்டில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் மீனை ஒன்றிரண்டு நாள் பட்டினி போடுவார்கள், வழியில் கழிவு போட்டுத் தண்ணீரைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, நம் கைக்கு வரும்போதே அதன் பட்டினிக்கு வயது இரண்டு மூன்று நாள். மூடிய பைக்குள் அது விடும் மூச்சால் கரியமில வாயு சேரும், தண்ணீர் அமிலத் தன்மைக்குச் சாயும். அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியாவின் விஷம் பெரிதும் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அடங்கிக் கிடந்த விஷம் மறுபடி தலை தூக்கும். நானும் முதல் மீனைப் 'பழக்குகிறேன்' என்று திறந்த பையிலேயே இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன். பாசம்தான் காரணம். அதுவே அதற்குக் கெடுதலாகப் போனது.

சில மீன்கள் பிடிபடும்போதே பாதி செத்தவை. 1960களிலிருந்து பிலிப்பைன்ஸில் சயனைடு கரைசலைப் பவளப் பாறைகளில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் பரவியது. அப்படிப் பிடித்த மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நிறமும் குறையாது. சில வாரங்களில் காரணம் தெரியாமல் செத்துப்போகும்.

இரண்டாவது விடை இன்னும் எளிமையானது. மீனுக்கு நாம் போடுவது சாப்பாடு என்றே தெரியாது. கடலில் கோமாளி மீன் தின்பது நீரோட்டத்தில் மிதந்து வரும் மிதவை உயிரிகளை. அவை துடிக்கும், துள்ளும். வண்ணத்துப்பூச்சி மீன் தன் நீண்ட மூக்கால் பாறை இடுக்கில் இருக்கும் புழுக்களைக் கொத்தும். பழுப்பு நிறத்தில் நேராகக் கீழே இறங்கும் ஒரு உருண்டை அவற்றின் உலகத்தில் வெறும் குப்பை. என் செம்புப் பட்டை மீன் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதன் கண்ணுக்கு என் தொட்டியில் சாப்பாடே இல்லை.

இந்த இடத்தில்தான் ஒரு சின்ன இறாலின் கதை வருகிறது. ஆர்ட்டீமியா. மீன்களால் வாழ முடியாத அளவுக்கு உப்பேறிய ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. நிலைமை மோசமானால் தடித்த ஓடு கொண்ட முட்டைகளைப் போடும். அவை காய்ந்த தூளாக வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உப்புநீரில் போட்டுக் காற்றைக் குமிழவிட்டால் ஒரே நாளில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் துடித்துக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மீனுக்கு இது நல்ல உயிர்த்தீனி என்று 1933இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஆல்வின் சீல் எழுதினார். 1939இல் நார்வேயின் ரோலஃப்சன் மீன் குஞ்சுகளுக்கு அதைக் கொடுத்து வளர்க்கலாம் என்று காட்டினார். இன்றைக்கு உலகெங்கும் மீன், இறால் குஞ்சுப் பண்ணைகள் பலவும் இந்தத் தூளை நம்பித்தான் நடக்கின்றன.

ஆர்ட்டீமியாகூடப் பெரிதாக இருக்கும் வாய்களுக்கு வழி காட்டியது ஜப்பான். அங்கே விலாங்கு மீன் குளங்களில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி பெருகித் தண்ணீரைக் கெடுத்தது. தொல்லை, ஒழிக்க வேண்டும் என்றுதான் அதை ஆராய ஆரம்பித்தார்கள். 1960 வாக்கில் இட்டோ என்ற ஆய்வாளர், இதைக் கடல்நீரில் வளர்த்துக் குஞ்சுகளுக்குத் தீனியாக்கலாம் என்று சொன்னார். ஒரு குளத்தின் தொல்லை இன்னொரு தொட்டியின் தாய்ப்பாலாக மாறியது. முட்டையிலிருந்து வெளிவந்த கோமாளி மீன் குஞ்சுக்கு முதல் வாய் ரோட்டிஃபர், அடுத்தது ஆர்ட்டீமியா. இந்த வரிசை பிடிபட்ட பிறகுதான் கடலிலிருந்து பிடிக்காமலேயே கோமாளி மீனை வளர்த்தெடுக்க முடிந்தது.

தமிழ்நாட்டில் அந்த வேலை நடந்த இடங்களில் ஒன்று மண்டபம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சி.எம்.எஃப்.ஆர்.ஐ., 1947இல் தொடங்கப்பட்டது. 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இன்றும் அங்கே அதன் மையம் இருக்கிறது. அங்கே கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்ய வைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதை அப்பத்தாவிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். 'மண்டபம் கேம்ப்' என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்கயா மீன் வளக்குறானுக?"

*

அந்த ஊர் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் 'முகாம்' வேறு கதை. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைக் கடல் தாண்டுவதற்கு முன் தடுத்து வைத்துச் சோதித்த இடம் அது. இலங்கை அரசே அதை நடத்தியது. காலரா, அம்மை போன்ற நோய்கள் தோட்டங்களுக்குள் போய்விடக் கூடாது என்ற பயம். ஆட்களைச் சில நாட்கள் வைத்திருந்து, ஊசி போட்டு, பிறகே அனுப்பினார்கள். புது மீனைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதை நாங்களும் 'குவாரன்டைன்' என்றுதான் சொல்கிறோம்.

அப்பத்தாவின் அப்பா வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து அந்த வழியாகப் போனவர். அப்பத்தா பிறந்தது தோட்டத்து லயத்தில். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். பிறக்காத நாட்டுக்குத் 'திரும்பி' வந்தவர்களில் அப்பத்தாவும் ஒருவர். 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். கப்பல் பேர் ராமானுஜம். இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் அதே மண்டபம் முகாம்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது அன்றைக்குத்தான் வந்தது.

"கேம்ப்புல மூணு நாளு நான் ஒண்ணுமே சாப்புடல தெரியுமா? சோறு போட்டாங்க, கொற சொல்லக் கூடாது. பசியும் இருந்துச்சு. வாயில வச்சா எறங்கல. ஒந் தாத்தா திட்டுனாரு. நாலாம் நாளு பக்கத்து அறைப் பொம்பள, அதுவும் தோட்டத்து ஆளுதான், எங்கயோ மாவு வாங்கி ரொட்டி தட்டிச்சு. வெறும் தேத்தண்ணியும் ரொட்டியும். அந்த வாசம் வந்துச்சு பாரு, அப்பத்தான் அழுதேன். அழுதுட்டுச் சாப்புட்டேன். மறுநாளு சோறும் எறங்கிருச்சு."

நான் எழுந்து போய் ஆர்ட்டீமியா முட்டையை ஊறப்போட்டேன். தலைகீழாகக் கவிழ்த்த கோலா பாட்டில், லிட்டருக்கு 30 கிராம் உப்பு, அடியிலிருந்து காற்றுக் குழாய். மறுநாள் இரவு விளக்கை அணைத்து டார்ச் காட்டினேன். வெளிச்சத்தை நோக்கி ஆரஞ்சு மேகமாகத் திரண்டு வந்தன. வடிகட்டி அலசி, தொட்டியின் விளக்கை மங்கலாக்கி, நீரோட்டத்துக்கு எதிரே ஒரு சிரிஞ்சால் மெதுவாக விட்டேன்.

மீன் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு கண் மட்டும் திரும்பியது. துடித்துக்கொண்டு போன ஒரு புள்ளியின் பின்னால் அரை அங்குலம் போய் நின்றது. அடுத்த புள்ளியைக் கொத்தியது. அப்புறம் நிற்கவில்லை.

பொரித்த குஞ்சை மட்டும் போட்டு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. அதன் உடம்பில் இருக்கும் சத்து சில மணி நேரத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு வாரம் உயிருள்ளது, பிறகு அதோடு உறைய வைத்த ஆர்ட்டீமியா, பிறகு அதே நீரில் ஊறவைத்த பொடி பெல்லட். மூன்றாவது வாரம் பெல்லட்டைத் தனியாகவே வாங்கித் தின்றது. பழகின சாப்பாட்டின் வாசத்தோடுதான் புதுச் சாப்பாடு உள்ளே போகிறது.

முதல் மீனுக்கு இதைச் செய்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யோசிக்காமல் இல்லை. அந்த இனத்தை வளர்ப்பவர்கள் சிப்பியைப் பிளந்து, ஓட்டோடு தொட்டிக்குள் வைப்பார்களாம். ஓட்டு இடுக்கைப் பார்த்தால் அதன் மூக்குக்குத் தன் வேலை ஞாபகம் வந்துவிடும். நான் ஒன்பது நாளும் பெல்லட்டைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன், வேறு வேறு கம்பெனி, வேறு வேறு நிறம்.

இனி கடலில் பிடித்த மீனை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பண்ணையில் பிறந்த கோமாளி மீனுக்குப் பெல்லட்தான் தாய்நாட்டுச் சாப்பாடு. அதற்கு இழப்பு என்று ஒன்று தெரியாது. அப்படிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

மீன் முதன்முதலில் தின்ற அந்த ராத்திரி அப்பத்தா தூங்காமல்தான் இருந்தார். இருட்டில் கேட்டார்.

"சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு அப்பத்தா."

"அப்ப இருந்துக்கிரும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வேற எங்க போகும்?" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.