மூன்றாம் முறை நிற்கும் தூண்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய பொருள் விற்கும் கடைகளில் தேக்குத் தூண்களைப் பார்க்கலாம். வீட்டைத் தாங்கியவை தரையில் படுத்துக் கிடப்பதைக் காண எனக்கு மனம் ஒப்புவதில்லை. மேலே அழுக்கும் பழைய வார்னிஷும். ஓர் ஓரத்தை இழைத்துப் பார்த்தால் உள்ளே பொன்னிறம்.

முதலில் இந்த மரம் நின்றது பர்மாக் காட்டில். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். கோடரி அதற்குப் பிறகுதான். யானைகள் ஓடைவரை இழுத்துப் போடும். மழைவெள்ளம் ஆற்றில் சேர்க்கும். அங்கிருந்து தெப்பமாகக் கட்டி ஐராவதி ஆற்றில் ரங்கூன்வரை விடுவார்கள். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின் அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டு நகரத்தார், ஊரில் வீடு கட்ட இந்த மரத்தைக் கப்பலேற்றினார்கள்.

செட்டிநாட்டில் ஆசாரிகள் அதைத் தூணாக்கினார்கள். ஈரம் ஏறாதபடி கீழே கல் பீடம், தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைக் கட்டை, அதன்மேல் உத்தரம். ஒரு மரத்தின் முளை இன்னொன்றின் துளைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சேர்த்த வழியிலேயே பிரிக்கவும் முடியும். இன்றைய கான்கிரீட் தூணை உடைக்கத்தான் முடியும், கழற்றி எடுக்க முடியாது. அந்த ஆசாரிகளிடம் நம் பொறியாளர்கள் கற்க வேண்டிய முதல் பாடம் இதுவென்றே நினைக்கிறேன்.

1930களின் பொருளாதார மந்தமும் 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும் பர்மாப் பணத்தை நிறுத்தின. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். ஓடு மாற்ற ஆளில்லை. கல்யாணம் நடந்த வளவு வீடுகள் பல பிரித்து விற்கப்பட்டன.

வாங்குபவர்கள் பலர் தூணை அறுத்து மேசையாக்குகிறார்கள். மரம் வீணாகவில்லைதான், ஆனால் நூறாண்டு பாரம் தாங்கிய ஒன்றைத் துண்டாக்குவது எனக்கு வலிக்கிறது. முழுதாக நிறுத்தினால் அந்த இடத்துக்குப் புதிய சிமென்டும் கம்பியும் வேண்டாம், இன்னொரு மரமும் விழ வேண்டாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், இப்படிப் பிரித்துக் கொண்டுவந்த செட்டிநாட்டு வீடொன்று மறுபடி நிற்கிறது.

வீடுகளிலும் சிலர் இதைச் செய்கிறார்கள். ஆசாரி அடியில் உளுத்த பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, குறைந்த உயரத்துக்குக் கல் பீடத்தை ஏற்றுகிறார். தலையிலுள்ள பழைய முளையைத் தொடுவதில்லை. புது உத்தரத்தில் அதன் அளவுக்குத் துளை எடுக்கிறார்.